புராஸ்டேட் புற்றுநோய்: கண்டறியும் செலவு யாருடையது?

எர்ணாகுளத்திற்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவே, கொச்சிக் காயலில் அமைந்துள்ள வெலிங்டன் தீவு, பெரும்பாலும் மனித உழைப்பால் உருவான நிலப்பரப்பாகும். 1920ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் தலைமையில், கடலுக்கும் காயலுக்கும் இடையே கிடந்த மணல் திட்டு வெட்டப்பட்டுக் கப்பல்கள் உள்ளே வர வழி அமைக்கப்பட்டது. அவ்வாறு அகழ்ந்தெடுத்த மண்ணைக் கொண்டு, இயற்கையாக இருந்த வெண்டுருத்தித் தீவை ஒட்டிப் புதிய நிலம் மீட்கப்பட்டது. 1936ஆம் ஆண்டில் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. துறைமுக அலுவலகம், சுங்க மாளிகை, கடற்படைத் தளம், கிடங்குகள், ஊழியர் குடியிருப்புகள், அவர்களுக்கென ஒரு மருத்துவமனை ஆகியவை இத்தீவில் அடுத்தடுத்து எழுந்தன.

2011 பிப்ரவரியில் சரக்குப் பெட்டகப் பணி எதிர்க்கரையிலுள்ள வல்லார்பாடத்திற்கு மாறியது. இயந்திரங்கள் பெருகப் பெருக ஆட்களின் தேவையும் குறைந்தது. துறைமுகத்தின் ஊதியப் பட்டியலைக் காட்டிலும் ஓய்வூதியப் பட்டியல் இன்று நீளமானது. சுமை தூக்கியவர்கள், கிரேன் இயக்கியவர்கள், இழுவைப் படகுகளில் பணிபுரிந்தவர்கள், எழுத்தர்கள் எனப் பெரும்பாலும் ஆண்களே நிறைந்த ஒரு தொழிலாளர் படை முதுமை எய்தியிருக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தோரின் விகிதம் நாட்டிலேயே கேரளத்தில்தான் அதிகம், அது 12.6 சதவீதம். அத்தகைய மாநிலத்திலும் இத்தீவைச் சார்ந்த ஓய்வூதியர் குடும்பங்கள் முதுமையின் நோய்களை முன்னதாகவே சந்திப்பவை எனலாம்.

அந்நோய்களுள் ஒன்று புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோயாகும். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வடிகுழாயைச் சுற்றி அமைந்துள்ள இச்சுரப்பி வயது ஏறும்போது பருப்பது இயல்பு. பருத்த சுரப்பிகள் யாவும் புற்றுநோய் கொண்டவை அல்ல. எனினும் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 14 லட்சமாக இருந்த புதிய நோயாளிகளின் எண்ணிக்கை 2040ஆம் ஆண்டில் 29 லட்சமாக உயரக்கூடும் என லான்செட் மருத்துவ ஏடு அமைத்த குழு 2024இல் மதிப்பிட்டது. இவ்வுயர்வின் பெரும்பகுதி வருமானம் குறைந்த, இடைநிலை வருமானமுள்ள நாடுகளில் நிகழும் என்றும் அக்குழு கருதுகிறது. மக்களின் ஆயுள் நீடிப்பதே இதற்கு முதற்காரணமாகும்.

ஊசிக்கு முன்னும் பின்னும்

இந்நோய் பற்றிய ஐயம் பெரும்பாலும் பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையில் தொடங்குகிறது. புராஸ்டேட் சுரப்பி உற்பத்தி செய்யும் ஒரு புரதத்தின் அளவை இது காட்டும். மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமுக்கு மேல் இருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். ஆனால் சுரப்பி பருத்திருந்தாலும், அதில் அழற்சி இருந்தாலும், சிறுநீர் அடைப்பு ஏற்பட்டிருந்தாலும் இவ்வளவு உயரும். எனவே இப்பரிசோதனை ஐயத்தை எழுப்புமேயன்றி நோயை உறுதி செய்யாது. சுரப்பியிலிருந்து திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த பின்னரே புற்றுநோய் உண்டா, இல்லையா என்று கூற முடியும். திசு ஆய்வு, அதாவது பயாப்ஸி, இதனாலேயே இன்றியமையாததாகிறது.

முற்காலத்தில் மருத்துவர் விரலால் தடவி உணர்ந்த கட்டியை நோக்கி ஊசி செலுத்தப்பட்டது. ஆசனவாய் வழியே செலுத்தும் அல்ட்ராசவுண்ட் கருவி வந்தபின் சுரப்பியின் உருவத்தைத் திரையில் கண்டவாறு ஊசியைச் செலுத்த இயன்றது. சுரப்பியின் இருபுறமும் மும்மூன்று இடங்களில், மொத்தம் ஆறு திசுக் கீற்றுகளை ஒழுங்காக எடுக்கும் முறையை 1989இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டனர். பின்னர் அது பன்னிரண்டு கீற்றுகளாக விரிவடைந்தது. இம்முறையில் திரையில் தெரிவது சுரப்பியின் வடிவமே. புற்றுநோய் இருக்கும் இடம் பெரும்பாலும் தெரிவதில்லை. வயல் முழுவதும் பன்னிரண்டு இடங்களில் மண்ணைத் தோண்டிப் பார்ப்பதற்கு இதை ஒப்பிடலாம். நோய் இருக்கும் இடம் தப்பிவிடலாம். தீங்கு செய்யாத சிறு புள்ளி அகப்பட்டுவிடலாம்.

இதன் செலவு என்று மருத்துவமனை விலைப்பட்டியலில் காணப்படுவது செய்முறைக்குரிய ஒரு தொகை மட்டுமே. ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசி, மரத்துப்போகும் மருந்து, நோய்த் தொற்றைத் தடுக்கும் மருந்து, ஒவ்வொரு கீற்றையும் பதப்படுத்திச் சீவிச் சாயமேற்றிப் பார்க்கும் நோய்க்குறியியல் கட்டணம் ஆகியவை தனித்தனியே சேரும். ஐயத்திற்குரிய கீற்று இருப்பின் சிறப்புச் சாயப் பரிசோதனையும் தேவைப்படும். முடிவு தெளிவாக இல்லாவிடில் சில மாதங்களில் இவை அனைத்தும் மீண்டும் ஒருமுறை நிகழும். ஆசனவாய் வழியே ஊசி செல்லும்போது குடலிலுள்ள நுண்ணுயிர்கள் இரத்தத்தில் கலந்து கடும் காய்ச்சல் உண்டாவதுண்டு. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத நுண்ணுயிர்கள் மிகுந்துள்ள நம் நாட்டில் இது சிறிய செய்தியன்று. அவ்வாறு ஒருவர் மருத்துவமனையில் சில நாட்கள் தங்க நேர்ந்தால் அச்செலவு திசு ஆய்வின் செலவையே விஞ்சிவிடும். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோலின் வழியே ஊசி செலுத்தும் முறை இந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கிறது. அதனை மயக்க மருந்தின்றி, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து புறநோயாளியாகவே மேற்கொள்ளலாம். ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டி நெறிகளும் இம்முறையையே விரும்பத்தக்கதாகக் கூறுகின்றன.

படம் முதலில், ஊசி பிறகு

காந்த ஒத்ததிர்வுப் படம், அதாவது எம்.ஆர்.ஐ., இத்துறையில் நுழைந்த பின் கணக்கே மாறியது. ஐயத்திற்குரிய இடங்களை இப்படம் சுட்டிக்காட்டுகிறது. ஐயம் ஏதுமில்லை எனில் ஊசியைத் தவிர்க்கலாம். இருப்பின் அவ்விடத்தையே குறிவைக்கலாம். பிரிட்டனில் 576 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான புரோமிஸ் ஆய்வில், சிகிச்சை தேவைப்படும் புற்றுநோயை எம்.ஆர்.ஐ. 93 சதவீத அளவுக்கும், வழக்கமான அல்ட்ராசவுண்ட் வழித் திசு ஆய்வு 48 சதவீத அளவுக்கும் இனங்கண்டன. 2018இல் வெளியான பிரிசிஷன் ஆய்வில் 500 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். எம்.ஆர்.ஐ. எடுத்த பிரிவில் 28 சதவீதத்தினருக்கு ஊசியே தேவைப்படவில்லை. அப்பிரிவில் 38 சதவீதத்தினரிடம் சிகிச்சைக்குரிய புற்றுநோய் கண்டறியப்பட்டது. வழக்கமான முறையில் அது 26 சதவீதமே. தீங்கு குறைந்த புற்றுநோய் அகப்பட்டது முறையே 9 சதவீதத்தினரிடமும் 22 சதவீதத்தினரிடமும் ஆகும்.

எம்.ஆர்.ஐ. விலை மிகுந்தது, ஆகவே ஏழை நாட்டிற்கு ஒவ்வாது என்று இதனைத் தள்ளிவிடுவது எளிது. இவ்விடத்தில் நிதி அலுவலர்கள் சற்று நின்று கணக்கிடுதல் நன்று. பிரிசிஷன் ஆய்வின் விகிதங்களையே எடுத்துக்கொள்வோம். திசு ஆய்வு ஒன்றின் முழுச் செலவை 100 பங்கு என வைத்துக்கொண்டால், வழக்கமான முறையில் 100 பேருக்கு 10,000 பங்கு செலவாகிறது. சிகிச்சைக்குரிய நோய் 26 பேரிடம் கண்டறியப்படுவதால் ஒருவருக்கு ஏறத்தாழ 385 பங்கு. எம்.ஆர்.ஐ.யின் விலை 50 பங்கு எனில், 100 பேருக்குப் படமெடுக்க 5,000 பங்கும், 72 பேருக்கு ஊசி செலுத்த 7,200 பங்கும் ஆக 12,200 பங்கு செலவாகும். மொத்தச் செலவு கூடிவிட்டது. ஆனால் கண்டறியப்படுவோர் 38 பேர். ஒருவருக்கு 321 பங்கே ஆகிறது.

இதே கணக்கை நீட்டினால் இரண்டு எல்லைகள் கிடைக்கின்றன. எம்.ஆர்.ஐ.யின் விலை திசு ஆய்வுச் செலவில் 28 சதவீதத்திற்குள் இருந்தால் மொத்தச் செலவே குறையும். நடைமுறையில் இதை எதிர்பார்க்க இயலாது. விலை சுமார் 74 சதவீதத்திற்குள் இருந்தால், கண்டறியப்படும் நோயாளி ஒருவருக்கான செலவு குறையும். அதற்கு மேற்பட்டால் அந்த ஆதாயமும் மறையும். ஆகவே எம்.ஆர்.ஐ. விலை உயர்ந்ததா என்ற கேள்வியைத் தனியே கேட்பதில் பொருளில்லை. திசு ஆய்வின் முழுச் செலவோடு ஒப்பிட வேண்டும். அம்முழுச் செலவை எத்தனை மருத்துவமனைகள் கணக்கிட்டு வைத்துள்ளன என்பது வேறு கேள்வி.

மேற்கண்ட கணக்கில் சேராத செலவுகளும் உண்டு. தீங்கு குறைந்த புற்றுநோய் கண்டறியப்பட்ட முதியவர் அறுவை சிகிச்சைக்கோ கதிர்வீச்சுக்கோ உள்ளாகும் போது ஏற்படும் செலவும் துன்பமும் தேவையற்றவை. பிரிட்டனில் 1,643 பேரைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 2023இல் வெளியான ஆய்வில், சுரப்பிக்குள் அடங்கிய புற்றுநோய்க்கு அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு ஆகிய மூன்றில் எதை மேற்கொண்டவர்களிலும் இந்நோயால் இறந்தோர் ஏறத்தாழ 3 சதவீதமே. புரோமிஸ் ஆய்வின் அடிப்படையில் பிரிட்டன் பொருளியலாளர்கள் செய்த கணிப்பில், படம் முதலில் என்ற வழி நலமான வாழ்நாள் ஆண்டு ஒன்றுக்குச் சுமார் 7,000 பவுண்டு கூடுதல் செலவில் பயன் தருவதாகத் தெரிந்தது. அந்நாட்டின் அளவுகோல்படி இது மலிவானது. நம் நாட்டு விலைகளுக்கு அதை அப்படியே பொருத்த இயலாது.

வரிசையும் முக்கியமானது. ஊசி செலுத்திய பின் சுரப்பியில் இரத்தக் கசிவு இருப்பதால் சில வாரங்களுக்குப் படம் தெளிவாக அமையாது. முதலில் ஊசி, ஐயம் நீடித்தால் பிறகு படம் என்று போகும் நோயாளி இரண்டு செலவுகளையும் சுமந்து, பல சமயங்களில் மூன்றாவதாக மீண்டும் ஊசிக்கும் வருகிறார்.

அதே சமயம் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவை என்பதும் சரியன்று. நம் நாட்டில் நோயாளிகளுள் கணிசமானோர் எலும்புகளுக்கு நோய் பரவிய பின்னரே மருத்துவரிடம் வருகின்றனர். பி.எஸ்.ஏ. நூற்றுக்கணக்கில் உயர்ந்து, இடுப்பு வலியோடு வரும் எழுபது வயது முதியவருக்குச் சில கீற்றுகளே போதுமானவை. படத்திற்காக அவரைக் காத்திருக்கச் செய்வது பணத்தையும் காலத்தையும் வீணாக்கும். மறுகோடியில், பி.எஸ்.ஏ. சற்றே உயர்ந்தவருக்குச் சில வாரங்கள் கழித்து அதே பரிசோதனையைத் திரும்பச் செய்வது மிகக் குறைந்த செலவாகும். அழற்சி தணிந்து அளவு இறங்கிவிட்டால் படமும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். அல்ட்ராசவுண்டில் அளந்த சுரப்பியின் கொள்ளளவால் பி.எஸ்.ஏ. அளவை வகுத்துப் பார்ப்பதும் மருத்துவருக்குத் துணை செய்யும், 0.15க்குக் கீழ் இருப்பின் ஐயம் குறைகிறது.

எந்தக் கருவியை வாங்குவது?

எம்.ஆர்.ஐ. படத்தை அல்ட்ராசவுண்ட் திரையின் மேல் பொருத்திக் காட்டும் இணைப்பு மென்பொருள் கருவிகளைப் பெருமருத்துவமனைகள் விளம்பரப்படுத்துகின்றன. அவற்றின் விலை அதிகம். ஆனால் படத்தைக் கண்டு மனத்தில் இருத்திக்கொண்டு மருத்துவரே குறிவைப்பது, இணைப்புக் கருவியைப் பயன்படுத்துவது, எம்.ஆர்.ஐ. இயந்திரத்திற்குள்ளேயே ஊசி செலுத்துவது ஆகிய மூன்று முறைகளையும் ஒப்பிட்டு நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்குரிய நோயைக் கண்டறிவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கைத்திறன் பெற்ற மருத்துவர் இருக்கும் அரசு மருத்துவமனை, இக்கருவி இல்லை என்பதற்காக இம்முறையைத் தொடங்காமல் இருக்க வேண்டியதில்லை. கருவி வாங்குவதைவிடப் படத்தைச் சரியாகப் படிக்கும் கதிரியல் வல்லுநரைப் பயிற்றுவிப்பதே கடினமான காரியம்.

படத்தின் செலவையும் குறைக்கலாம். சாயமருந்து ஏற்றாமல், குறைந்த நேரத்தில் எடுக்கும் சுருக்கமான எம்.ஆர்.ஐ. முழுமையான படத்திற்குச் சளைத்ததன்று என்று 12 நாடுகளில் நடந்து 2025இல் வெளியான பிரைம் ஆய்வு காட்டியது. இரு வழிகளிலும் 29 சதவீத அளவில் நோய் கண்டறியப்பட்டது. சாயமருந்தின் விலை மீதமாவதோடு, ஒரே இயந்திரத்தில் ஒரு நாளில் கூடுதலானோருக்குப் படமெடுக்கலாம். நீண்ட காத்திருப்புப் பட்டியல் கொண்ட அரசு மருத்துவமனைகளுக்கு இதுவே பெரிய ஆதாயம். இயந்திரத்தைப் பொறுத்தவரை நாடு இன்னும் பெருமளவு இறக்குமதியையே நம்பியுள்ளது. மின்னணுவியல் அமைச்சகத்தின் கீழுள்ள சமீர் நிறுவனம் உருவாக்கிய 1.5 டெஸ்லா இயந்திரத்தைச் சோதிப்பதற்காகப் புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்துடன் 2025 மார்ச்சில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் பலவகை மருத்துவக் கருவிகள் மீதான சரக்கு சேவை வரி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளதும் குறிப்பிடத்தக்கது.

செலவு யார் தலையில்?

தீவில் பணியாற்றிய மூவரை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் துறைமுகத்தில் ஓய்வு பெற்றவர். மற்றவர் கடற்படையில் ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் கிடங்கில் ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலியாகச் சுமை தூக்கியவர். மூவருக்கும் வயது எழுபது, மூவருக்கும் பி.எஸ்.ஏ. 9 என வைத்துக்கொள்வோம். நோயின் கண்ணில் மூவரும் ஒன்றே. செலவின் கண்ணில் வேறு வேறு.

பெருந்துறைமுகங்களில் ஓய்வு பெற்றோருக்குப் பங்களிப்பு அடிப்படையிலான மருத்துவ உதவி உண்டு. முதலாமவர் துறைமுக மருத்துவமனையிலிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று வெளி மருத்துவமனைக்குச் செல்வார். இரண்டாமவருக்குக் கடற்படை மருத்துவமனையும், 2003இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவ உதவித் திட்டமும் கைகொடுக்கும். மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் கட்டண விகிதங்கள் 2025 அக்டோபர் 13 முதல் நகரத்தின் வகைக்கும் மருத்துவமனையின் தரச் சான்றுக்கும் ஏற்பத் திருத்தப்பட்டன. இவ்விகிதங்களைப் பிற அரசு நிறுவனங்களும் அளவுகோலாகக் கொள்வது வழக்கம். பட்டியலில் எம்.ஆர்.ஐ. ஒரு வரி, திசு ஆய்வு ஒரு வரி, நோய்க்குறியியல் ஒரு வரி எனப் பிரிந்து கிடக்குமானால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி பெற முதியவர் அலைய நேரிடும்.

மூன்றாமவரின் நிலை வேறு. 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. கேரளத்தில் அது காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா பத்ததியுடன் இணைந்து செயல்படுகிறது. ஆனால் இக்காப்பீடு மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவதை மையமாகக் கொண்டது. புறநோயாளிப் பரிசோதனைகளும், நோயைக் கண்டறிவது மட்டுமே நோக்கமான அனுமதியும் பொதுவாக அதன் வரம்பில் அடங்கா. அனுமதிக்கு முந்தைய மூன்று நாட்களின் செலவு சேர்த்துக்கொள்ளப்படும். பி.எஸ்.ஏ. பரிசோதனைக்கும் திசு ஆய்வு முடிவுக்கும் இடையே கழிவதோ வாரக்கணக்கு. புற்றுநோய் உறுதியான பின் பல லட்சம் ரூபாய் சிகிச்சைக்குத் தகுதி பெறும் ஒருவர், அதை உறுதி செய்யும் சில ஆயிரம் ரூபாயைத் தம் கையிலிருந்தே தேட வேண்டியிருக்கிறது. தேட இயலாதவர் வலி வரும்வரை காத்திருக்கிறார். வலி வந்தபின் ஆகும் சிகிச்சை நீண்டது, விலை மிகுந்தது. குணம் தருவதும் அரிது. கண்டறியும் கட்டத்தில் மிச்சமானதாகத் தோன்றும் தொகையை அரசு வேறு தலைப்பின் கீழ்ப் பன்மடங்காகச் செலுத்துகிறது.

இவ்விடைவெளியைத் தற்போது ஓரளவு நிரப்புவன அரசு மருத்துவமனைகளே. எர்ணாகுளம் பொது மருத்துவமனை, களமசேரியிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி, அதன் வளாகத்தில் 2016 நவம்பரில் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கிய கொச்சிப் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் ஆகியவை தீவிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பும் தொலைவில் உள்ளன. 2025 அக்டோபரில் வெலிங்டன் தீவிலும் மட்டாஞ்சேரியிலும் நீர்வழி மெட்ரோ நிலையங்கள் திறக்கப்பட்டதால் பயணமும் எளிதாகியுள்ளது. எனினும் பரிசோதனைக்கு ஒரு நாள், படத்திற்கு ஒரு நாள், ஊசிக்கு ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள், மருத்துவரிடம் காட்ட ஒரு நாள் என்று பிரியும்போது, துணைக்கு வரும் மகனின் கூலியும் ஐந்து நாள் போகிறது. எந்த விலைப்பட்டியலிலும் இத்தொகை இடம்பெறுவதில்லை.

சுருக்கப் படம், தோல்வழித் திசு ஆய்வு, நோய்க்குறியியல் மூன்றையும் ஒரே தொகுப்பாக்கி ஒரே கட்டணம் நிர்ணயித்து, உறைவிட அனுமதியின்றியே அதைக் காப்பீட்டில் சேர்ப்பது நிர்வாக அளவில் இயலாத காரியமன்று. பகல்நேரச் சிகிச்சையாகவே கண்புரை அறுவையும் இரத்தச் சுத்திகரிப்பும் ஏற்கப்படுகின்றன. வாரத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கிப் படமும் ஆலோசனையும் அன்றே முடியுமாறு செய்தால், ஐந்து பயணங்கள் மூன்றாகக் குறையும்.

தீவின் துறைமுக மருத்துவமனை போன்ற சிறு நிலையங்களில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை எதிர்பார்க்க இயலாது. ஆனால் அவற்றிடம் பெருமருத்துவமனைகளிடம் இல்லாத ஒன்று உண்டு. ஒரே மனிதர் பல்லாண்டுகளாக அங்கேயே வந்துபோகிறார். இன்று 9 என்று காட்டும் பி.எஸ்.ஏ. மூன்று ஆண்டுகளுக்கு முன்பும் 8.5 ஆக இருந்ததா, அல்லது 3 ஆக இருந்ததா என்பதைப் பொறுத்தே மருத்துவரின் அவசரம் அமையும். அந்தப் பழைய எண்ணைக் கோப்பில் குறித்து, பரிந்துரைக் கடிதத்தின் மேற்புறத்தில் எழுதி அனுப்புவதற்குத் தனியே செலவு ஏதும் ஆவதில்லை.